குதிரை நடக்கும் வரை செருப்பில்லை

கோயில் தலைவர் ஐந்து மாதம் செருப்பில்லாமல் நடந்ததற்குக் காரணம் நான். பாலிக் புலாவில் யாரைக் கேட்டாலும் சாமி சொல்லித்தான் நடந்தார் என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது நான் அவர்மேல் வைத்திருந்த பகை. அவருக்கு அது பகை என்றே தெரியாது. என் வயிற்றெரிச்சலுக்கு அதுவே பாதிக் காரணம்.

முதலில் குதிரை எப்படி என் தலையில் விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஜார்ஜ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்தவள். கூடப்பிறந்த தம்பிக்குக் குதிரைப் பைத்தியம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்துபோன ஒரு பெண் குதிரையை யாரோ சும்மா கொடுக்கிறார்கள் என்று வாங்கிவந்து, பாலிக் புலாவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கட்டினான். ஆறே மாதத்தில் அவனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. "ரெண்டு மாசம் பாத்துக்கக்கா, அது பாவம், ஒன்னும் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அந்த ரெண்டு மாசம் முடியவில்லை.

ஆயிர் ஈத்தாமிலிருந்து மலை வளைவுகளில் என் காரை ஓட்டிக்கொண்டு காலையும் மாலையும் போய் வந்தேன். முதல் ஒரு மாதம் அவளைத் திட்டிக்கொண்டேதான் சாணி அள்ளினேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காடிச் சத்தம் கேட்டதும் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வரும். என் வீட்டில் என்னைப் பார்த்து அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

ரெண்டாம் வருஷம் அவள் முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்ற ஆரம்பித்தாள். கழுத்தின் மேல் முதுகுப்பக்கமாகக் கொழுப்பு திரண்டு கட்டியாக நின்றது. நான் அதைப் பார்த்து, நல்லாச் சாப்பிட்டு வளர்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்த அழகில் இருந்தது என் அறிவு. மிருக டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நம் ஆட்களுக்கு வருகிற இனிப்புநீருக்கு, அந்தச் சர்க்கரை வியாதிக்கு, இது ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி மாதிரி என்றார். தின்கிற இனிப்பை உடம்பு சமாளிக்க முடியாமல் போகும்போது அந்தக் கோளாறு நேரே காலுக்கு இறங்குமாம். குளம்புக்கு உள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. குளம்பின் சுவரோடு அதை ஒட்டிப் பிடித்திருக்கிற சதை வீங்கி விட்டுக்கொடுத்தால், எலும்பு கழன்று கீழே சாயும். முழுசாகச் சாய்ந்துவிட்டால் ஊசி போட்டுத் தூங்கவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அன்றிலிருந்து பச்சைப் புல் கிடையாது, தவிடு கிடையாது, பழம் கிடையாது, கரும்பு கிடையாது. காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் இருக்கிற இனிப்பெல்லாம் இறங்கிய பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். அதற்கு லாடக்காரத் தம்பி ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருவார். நாற்பது வயது, வாய் நிறைய வெற்றிலை, ஆனால் கை பஞ்சு. அவர் ஒரு முறை சீவுவதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. முன்பக்கம் நீண்டு வளருகிற நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுவார். குதியைத் துளி துளியாக இறக்குவார். அடிப்பாதத்தில் மட்டும் கத்தியே வைக்க மாட்டார்.

"ஏன் தம்பி, அடியில அழுக்காக் கெடக்கே, சீவலையா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஐயோ அக்கா, அதுதான் அதுக்கு மெத்தை. அதைச் சீவினா கல்லுமேல வெறும் எலும்பால நிக்கற மாதிரி. ஒரே நாள்ல அழகாக்கணும்னு நெனச்சோம், அதோட கதை முடிஞ்சிரும்லா."

பல்லை அளவுக்கு மேல் ராவிவிட்டால் நோயாளி நாற்காலியிலிருந்து எகிறிக் குதிப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு உடனே புரிந்தது. ஒரு வருஷம் இப்படியே பார்த்ததில் கழுத்துக் கொழுப்பு கரைந்து, அவள் மணலில் சின்னதாக ஓடக்கூட ஆரம்பித்தாள்.

இப்போது தலைவருக்கு வருகிறேன். தோட்டத்துக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில், பெரிய தலைவர். பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் வாய்க்கு யாரும் சொல்லவில்லை. அர்ச்சகர் முதல் வாழை இலை கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் ஷிப்ட் போட்டு வேலை கொடுப்பார். என் குதிரை சாம்பல் நிறத்தில் பிறந்து வயதாக ஆக வெளுத்துப் போனவள். முனீஸ்வரருக்கு வாகனம் வெள்ளைக் குதிரை. போதாதா? கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே வேலிப்பக்கம் வந்து அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். கும்பிடுவதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேசாமல் இருந்தேன். அது முதல் தப்பு.

ரெண்டாவது தப்பு, சாவியைக் கொடுத்தது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ரெண்டு வாரம் தூசிப்பக்கம் போகக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருக்கிறவர், பொறுப்பானவர் என்று தலைவரிடம் சாவியைக் கொடுத்து, புல் ஊறவைப்பதை மூன்று நாள் கூட நின்று காட்டிக் கொடுத்தேன்.

"அண்ணே, இனிப்பு மட்டும் ஒரு வாய்கூட குடுக்கக் கூடாது. பழம், கரும்பு, வெல்லம், ஒன்னும் வேணாம். காலைத் தொடவே வேணாம்."

"தங்கச்சி, நான் முந்நூறு பேரை வேலை வாங்கினவன். ஒரு குதிரையைப் பாத்துக்க மாட்டேனா? நீ கண்ணைப் பாரு."

கண்ணைப் பார்த்தேன். பதினைந்தாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு போய் இறங்கினேன். கனைப்பு வரவில்லை. உள்ளே போனால் அவள் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து, சுவரில் சாய்த்துவைத்த ஏணி மாதிரி நிற்கிறாள். கழுத்தில் வாடிப்போன சாமந்தி மாலை. நெற்றியில் குங்குமம். நாலு குளம்பும் மஞ்சள் பூசி, விளிம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. தொட்டேன், சுட்டது. கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி டம் டம் என்று அடித்தது. காலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று பிடித்தேன். அவள் முனகிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடிப்பாதம் வழவழவென்று காகிதம் மாதிரி மெல்லியதாகத் தேய்ந்திருந்தது.

தலைவர் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா தங்கச்சி! திருவிழாவுக்கு நீ இல்லாமப் போயிட்டியே. குதிரை முன்னால நடந்து வந்துச்சு பாரு, எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு. வேண்டுதல் வச்சவங்க எத்தனை பேரு தெரியுமா? சர்க்கரைப் பொங்கல் என்ன, வாழைப்பழம் என்ன, அச்சு வெல்லம் என்ன, அது கையிலேர்ந்தே வாங்கித் திங்குது! நகமெல்லாம் கரடுமுரடா இருந்திச்சு. நம்ம கிரில் கடைக்காரரைக் கூட்டியாந்து மெசினை ஒரு தடவை விட்டேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சுலா."

ஜன்னல் கம்பி ராவுகிற மெசின். அதை வைத்து ராவியிருக்கிறார்கள். ராவிவிட்டு, வெறும் தார்ச் சாலையில் ஊர்வலமாக நடத்தியிருக்கிறார்கள்.

"அண்ணே, இனிப்பு குடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. அது நாம சும்மா குடுக்கறது. இது வேண்டுதல். பக்தியா குடுக்கறது ஒன்னும் செய்யாது."

எனக்கு வந்த வார்த்தை எதுவும் கோயில் வாசலில் சொல்கிற வார்த்தையாக இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உள்ளுக்குள் முடிவாகிவிட்டது. இந்த ஆளை நான் விடப்போவதில்லை. அவள் பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு சாய ஆரம்பித்திருந்தது, ஆனால் முழுசாக இல்லை. மூன்று நாள் விடாமல் கால்களை ஐஸில் வைக்க வேண்டும், அதற்குள் அடங்காவிட்டால் நாம் பேசவேண்டியிருக்கும் என்றார். என்ன பேச வேண்டியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிற கம்பத்துக் கிராமத்துக்குப் போய், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை வாங்கிவந்து, வாளி வாளியாக நிரப்பி அவள் காலை அதில் நிற்க வைத்தேன். குனியக்கூடாது என்ற கண் டாக்டர் என்னைப் பார்த்திருந்தால் அடித்திருப்பார். மூன்று நாள் கொட்டகை முழுவதும் மீன் வாடை. அந்த வாடையிலேயே உட்கார்ந்து, கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் தலைவரைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சூடு இறங்கியது. லாடக்காரத் தம்பி வந்து, ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கருவிப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கா இது? அவன் வெரலைக் கொண்டாங்க, நான் ராவி விடறேன்."

சீவுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. குளம்பு நுனியில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, அடியில் மெத்தென்று ரப்பர் பஞ்சு வைத்த பூட்ஸ் மாட்டிவிட்டார். மேலே மயிர் முளைக்கிற இடத்திலிருந்து புதுக் குளம்பு வளர்ந்து அடிவரைக்கும் இறங்கினால்தான் அவளுக்கு மறுபடியும் கால். மாதத்துக்கு ஒரு விரல் அகலம்கூட இறங்காது. "பத்து மாசம் வையுங்கக்கா. நடுவுல ஒரு தடவை இனிப்பு உள்ள போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

ஆனால் ஜனங்கள் நிறுத்தவில்லை. திருவிழாவில் குதிரைக்கு ஊட்டினவருக்கு வேலை கிடைத்துவிட்டதாம், இன்னொருவருக்குக் காடி லோன் கிடைத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமையானால் வேலி முழுக்க வாழைப்பழம். போர்டு எழுதி வைத்தேன். போர்டு மேலேயே ஒரு சீப்பு பழத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். பூட்டுப் போட்டேன். வேலிக்கு மேலே வீசினார்கள். தலைவரிடம் கடைசியாக ஒருமுறை போய்ச் சொன்னேன். "நீ சொன்னா கேப்பாங்களா, நான் சொன்னா கேப்பாங்களா? சாமி சொன்னாத்தான் கேப்பாங்க" என்று சிரித்தார்.

யோசனை அவர் கொடுத்ததுதான்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். அதனால்தான் நான் செய்தது எனக்கே உறுத்தியது. உறுத்தியும் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்குத் தலைக்குக் குளித்து, முடியைத் தளர்த்திக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு போனேன், ஒரே உதறலில் அவிழ்கிற மாதிரி. உறுமி அடித்தார்கள். தீபாராதனை காட்டும்போது ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் அருள் வந்து ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தோள் நடுங்க வேண்டும், அப்புறம் தலை சுற்ற வேண்டும், பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும். பல் கடிக்கிற சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். முடி அவிழ்ந்தது. யாரோ ஓடிவந்து கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். எல்லாரும் விலகி இடம் விட்டார்கள். நான் நேரே தலைவரிடம் போனேன்.

"டேய்! என் வாகனத்தோட காலை ராவினது யார்ரா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என் வாழ்க்கையிலேயே யாரையும் 'டேய்' என்று சொல்லி அவ்வளவு சுகப்பட்டதில்லை.

"சாமி... தெரியாமச் செஞ்சிட்டேன் சாமி..."

"தெரியாமயா? அந்தப் பொம்பள உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாளா இல்லையாடா? அவ நல்லவடா! அவ பேச்சை ஏன்டா கேக்கல?"

என்னை நானே புகழ்ந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. உண்மையான ஆத்திரம் அது. உடம்பு நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். முந்நூறு பேரை வேலை வாங்கினவர். நான் வேப்பிலையால் அவர் முதுகில் ரெண்டு போட்டேன், கொஞ்சம் பலமாகவே போட்டேன், அப்புறம் தீர்ப்புச் சொன்னேன். என் குதிரைக்கு இனிமேல் எவன் ஒரு துளி இனிப்பு கொடுத்தாலும் அவன் வேண்டுதலை நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீ தினமும் காலையில் வந்து அதன் புல்லுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். அது வலியில்லாமல் நடக்கிற வரைக்கும் உன் காலில் செருப்பு ஏறக்கூடாது. சொல்லிவிட்டு மயங்கி விழுந்தேன். விழும்போது கண்ணை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஒரு பழத்தோல்கூட வேலிப்பக்கம் விழவில்லை. தலைவர் காலை ஏழு மணிக்கு வெறுங்காலோடு ரெண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்தார். சரளைக் கல் குத்தும்போது அவர் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். என் குதிரை ஊன்றின மாதிரியே. நான் கொட்டகை நிழலில் வாளியைக் கழுவிக்கொண்டிருக்கிற மாதிரி நின்று, அதைக் கண் குளிரப் பார்த்தேன். புரை எடுத்த கண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அந்த ஆள் தண்டனையையும் பதவியாக்கிவிட்டார்! "சாமி என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் பேர் சொல்லவே இல்லை, டேய் என்றுதான் சொன்னேன். தண்ணீர் வாளியோடு படம் பிடித்து கோயில் வாட்சப் குழுவில் போட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்த வெறுங்காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருநீறு கொடுத்தார். என் வேப்பிலை அடி அவருக்கு மாலை மரியாதையாகப் போய்விட்டது. நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து கிடந்து வெந்தேன்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. புல்லை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, பிழிந்து போடுவார். நான் சொன்னபோது கேட்காததை, நானே சாமியாகச் சொன்னதும் கேட்டார். குதிரைக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. லாடக்காரத் தம்பி நாலு வாரத்துக்கு ஒருமுறை வந்து, புதுக் குளம்பு இறங்கியிருக்கிற கோட்டை விரலால் தடவிக் காட்டுவார். அடியில் மெத்தை திரும்ப கனத்துக்கொண்டு வந்தது.

ஐந்தாம் மாதம் தலைவரின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். வந்ததும் அழுகை.

"தங்கச்சி, அவருக்கு எட்டு வருசமா இனிப்புநீர் இருக்கு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப சுண்டுவெரலுக்குக் கீழ புண்ணு வந்து மூணு வாரமா ஆறல. எலும்புக்குப் போயிருச்சுன்னா வெரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. சிலிப்பர் போடுங்கன்னா சாமி குத்தம்ங்கறாரு. குதிரை நடந்துட்டா போட்டுக்குவாராம். ஒரு தடவை நடக்க வச்சுக் காட்டிருங்க தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். மறைக்க என்ன இருக்கிறது. கால் என்றால் என்ன என்று இப்போது தெரிகிறதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கொக்கரித்தது. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது. குதிரைக்கு இனிப்புநீர் என்று நான் படித்துப் படித்துச் சொன்னபோதெல்லாம் அந்த மனுஷன் தன் வியாதியை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, பால் ஊற்றிய இனிப்பு டீயை உறிஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். பழிவாங்கவும் காப்பாற்றவும் ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது, உண்மையைச் சொல்வது. சொன்னால் செருப்புப் போட்டுக்கொள்வார். சொன்னால் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சாமியும் போய்விடும், அது இன்னும் நல்லது.

"அண்ணே, அன்னிக்கு எனக்குச் சாமி வரல. நான்தான் பேசினேன். கோவத்துல நடிச்சேன். நீங்க சிலிப்பர் போட்டுக்குங்க."

அவர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். இரக்கம்! என் மேல்!

"அருள் வந்தவங்களுக்கு என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்காது தங்கச்சி. நீ நடிச்சதா உனக்குத் தோணுது. அது அப்படித்தான். குதிரை நடக்கட்டும், நான் போட்டுக்கறேன்."

நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கொண்டையைத் தளர்த்திப் போட்டதைச் சொன்னேன். பல் கடிக்கிறதைக் கடித்தே காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். எழுந்து ஓடிவந்தேன்.

அவளை ஒரு தடவை நடத்திக் காட்டலாமா என்று லாடக்காரத் தம்பியிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். குளம்பு பாதிதான் இறங்கியிருக்கிறது. கோயில் வாசல் வரைக்கும் தார் ரோட்டில் நடத்துகிற பேச்சே எடுக்கக்கூடாது என்றார். மணலில், பூட்ஸோடு, நேராக இருபது அடி நடப்பாள்.

"ஆனா திருப்பிராதீங்கக்கா. நேரா நடக்கறப்ப தெரியாது. திரும்பறப்ப பாரம் பூரா ஒரு கால்ல எறங்கும். ஒடனே நொண்டிரும், வலி உயிரு போகும் அதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் காடியில் வந்து இறங்கினார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைச் சரளையில் வைத்து வைத்து வேலிக்கு வந்தார். மனைவி கையில் ஒரு பையில் புதுச் செருப்பு. லாடக்காரத் தம்பி அப்போதுதான் சீவி முடித்துப் பூட்ஸை மாட்டியிருந்தார். நான் கயிற்றைப் பிடித்து அவளை மணலின் அந்தக் கோடியிலிருந்து நடத்தினேன். ஒன்று, ரெண்டு, மூன்று. தலை ஆடவில்லை. கால் தடுமாறவில்லை. இருபது அடி நடந்து, அவருக்குப் பக்கவாட்டில் போய், வேலியோரமாக நின்றாள். தலைவர் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தங்கச்சி, இப்படித் திருப்பிக் கூட்டிட்டு வாயேன். அது மொகத்தை ஒரு தடவை பாக்கணும்."

நான் கயிற்றைக் குட்டையாகப் பிடித்தேன்.

ஒரே ஒரு திருப்பம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் இடப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால், எல்லார் கண்முன்னாலும் அவள் நொண்டுவாள். அந்தச் செருப்பு பையிலேயே இருக்கும். இன்னும் ஐந்து மாதம். விரல் போகும். மெசின் விட்டவருக்கு, மஞ்சள் பூசினவருக்கு, ஒன்னும் செய்யாது என்றவருக்குச் சரியான கூலி. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்டுத்தானே திருப்பினேன். என் கை அந்தப் பக்கம் போனது, பொய் சொல்ல மாட்டேன். கயிறு இறுகியதும் அவள் இடது முன்னங்காலை லேசாகத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் வைத்துவிடுவாள். இந்த நாலு வருஷத்தில் நான் சொல்லி அவள் செய்யாதது ஒன்றும் இல்லை.

கயிற்றைத் தளர்த்தினேன்.

"போதும்ணே. நடந்திருச்சு. சிலிப்பரைப் போடுங்க."

அவருக்காகச் செய்யவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வலிக்கப்போகிற அந்தக் கால் அவளுடையதாக இல்லாமல் என்னுடையதாக இருந்திருந்தால் நூறு தடவை திருப்பியிருப்பேன்.

மனைவி குனிந்து செருப்பை எடுத்து வைத்தார். அவர் முதலில் நல்ல காலை நுழைத்தார், அப்புறம் கட்டுப் போட்ட காலை. நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலி வழியாகக் குதிரையின் முதுகைத் தட்டினார். குரலில் பழைய சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"பாத்தியா தங்கச்சி? உன் டாக்டரும் கத்தியும் எத்தனை மாசம் பாத்துச்சு, ஒன்னும் ஆகல. என் காலு தேஞ்சுது, அது காலு வளந்துச்சு. வெள்ளிக்கெழமை கோயில்ல எல்லாருக்கும் சொல்லணும்."

லாடக்காரத் தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் உண்மையைத்தான் ஏற்கெனவே சொல்லி, அதற்குக் கும்பிடு வாங்கியாயிற்றே. அவர் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி அழுத்தி அழுத்தி நடந்து காடிக்குப் போனார். அந்த முதுகைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் கயிறு என் கையில் இருந்தது. நான் திரும்பினால் அவளும் என் பின்னால் திரும்புவாள். அதனால் அந்தக் காடி ரோட்டில் ஏறிக் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும், அதைப் பார்த்தபடியே அசையாமல் நின்றேன்.